ஒரு மாநிலம் மத்திய சட்டத்தை ‘செல்லாது’ என்று அறிவித்தால் என்ன நடக்கும்?

கேள்வி இதுதான்: அமெரிக்க அரசியல் செய்திகளில் அடிக்கடி வரும் ‘நல்லிஃபிகேஷன்’ என்பது என்ன? அதற்குச் சட்டப்படி மதிப்பு உண்டா? ‘ஜூரி நல்லிஃபிகேஷன்’ என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. மூன்று வேறு வேறு செயல்கள் இந்த ஒரே பெயரில் உலவுகின்றன. குழப்பம் முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. முதலாவது, மத்திய அரசின் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று ஒரு மாநிலம் அறிவிப்பது. இதற்குச் சட்ட மதிப்பு கிடையாது; நீதிமன்றத்துக்குப் போன ஒரு முறைகூட இது நின்றதில்லை. இரண்டாவது, அந்தச் சட்டத்தை அமல்படுத்தத் தன் ஆட்களையும் பணத்தையும் தர மாட்டேன் என்று மாநிலம் ஒதுங்கிக்கொள்வது. இது முழுக்கச் சட்டபூர்வமானது. நடைமுறையில் முதலாவதைவிடப் பல மடங்கு வலிமையானது. மூன்றாவது, குற்றம் நிரூபிக்கப்பட்டும் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் குழு, ‘குற்றவாளி அல்ல’ என்று தீர்ப்புச் சொல்வது. ஜூரிக்கு அப்படிச் செய்யும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதை ஓர் உரிமையாக நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துவிடலாம். நாடாளுமன்றம் தன் சட்டத்தைத் தானே திரும்பப் பெறுவதும், அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் ஒரு சட்டத்தை ரத்து செய்வதும் நல்லிஃபிகேஷன் அல்ல. ஒரு மாநில அரசு மத்திய அரசின் மீது வழக்குப் போடுவதும் அல்ல. அவை எல்லாம் அரசியலமைப்பு வகுத்த பாதைகள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை மாநிலமே தன் கையில் எடுத்துக்கொள்வதுதான் அசல் நல்லிஃபிகேஷன்.

இதன் வேர் 1798-இல் இருக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தேசத்துரோகப் பேச்சுச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசையோ, அதிபரையோ, காங்கிரஸையோ அவமதிக்கும் நோக்கில் பொய்யான, அவதூறான எழுத்தை வெளியிட்டால் 2,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டுகள் வரை சிறை. எதிர்க்கட்சிப் பத்திரிகை ஆசிரியர்கள் உண்மையிலேயே உள்ளே போனார்கள். அப்போது துணை அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் பெயரை வெளியிடாமல் கென்டக்கி சட்டமன்றத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தார். அரசியலமைப்பை வரைந்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மாடிசன் வர்ஜீனியாவுக்கு எழுதினார். அவர்கள் வாதம் இப்படிப் போகிறது: அரசியலமைப்பு என்பது மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். மத்திய அரசு அந்த ஒப்பந்தம் பெற்றெடுத்த பிள்ளை. தனக்குத் தரப்பட்ட அதிகாரத்தின் எல்லை எது என்பதைத் தானே தீர்மானிக்க அதற்கு வழியில்லை; ஒப்பந்தம் செய்துகொண்டவர்களே தீர்மானிக்க வேண்டும். 1799-இல் கென்டக்கி நிறைவேற்றிய இரண்டாவது தீர்மானத்தில்தான் ‘நல்லிஃபிகேஷன்’ என்ற சொல் இடம்பெற்றது.

மற்ற மாநிலங்கள் சேர்ந்துகொள்ளவில்லை. பதில் அனுப்பிய வட மாநிலங்கள் பலவும், சட்டம் செல்லுமா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை என்றன. சட்டம் 1801 மார்ச்சில் காலாவதியாகி ஒழிந்தது. அதற்கு முந்தைய தேர்தலில் ஜெஃபர்சன் கட்சி வென்றதும் சேர்ந்துதான் பிரச்சினையைத் தீர்த்தது; தீர்மானங்களால் ஒரே ஒரு ஆசிரியரின் சிறைவாசம்கூடக் குறையவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இன்றைக்கும் இந்தக் கோட்பாட்டை ஆதரிப்பவர்கள் 1798-ஐ ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வதுதான்.

தகராறு முழுவதும் அரசியலமைப்பின் 6-ஆவது பிரிவைச் சுற்றியே நடக்கிறது. அரசியலமைப்பும், அதற்கு இணங்க இயற்றப்பட்ட மத்திய சட்டங்களும் நாட்டின் உச்ச சட்டம்; மாநில நீதிபதிகளும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்கிறது அது. நல்லிஃபிகேஷன்காரர்கள் ‘அதற்கு இணங்க’ என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள்: இணங்காத சட்டம் உச்ச சட்டமே அல்லவே என்று கேட்கிறார்கள். அந்த அளவில் அவர்கள் சொல்வது சரி, எந்த நீதிபதியும் மறுக்க மாட்டார். இணங்குகிறதா இல்லையா என்பதை யார் சொல்வது என்ற இடத்தில்தான் வாதம் உடைகிறது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சொல்லலாம் என்றால், ஒரே சட்டம் ஓரிடத்தில் உச்ச சட்டமாகவும் ஆற்றைத் தாண்டினால் வெறும் காகிதமாகவும் இருக்கும்.

இந்தக் கோட்பாட்டை முழு இயந்திரமாகக் கட்டி ஓட்டிப் பார்த்தது ஒரே ஒரு மாநிலம்தான்: தென் கரோலினா. 1828-இல் வந்த கடுமையான இறக்குமதி வரியும், அதைச் சற்றே தளர்த்திய 1832 வரியும் பருத்தி விற்றுப் பிழைக்கும் தெற்கை நசுக்கி வடக்கின் ஆலைகளைக் காப்பாற்றுகின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. அடியில் அடிமைமுறை பற்றிய பயமும் இருந்தது: இன்று வரி போடும் பெரும்பான்மை நாளை அடிமைமுறையில் கை வைத்தால் தடுப்பது எப்படி? கோட்பாட்டாளர் ஜான் கால்ஹூன், அப்போதைய துணை அதிபர். அவர் வகுத்த வழிமுறையில் சாதாரண சட்டமன்றத் தீர்மானம் போதாது. மக்கள் தனியே தேர்ந்தெடுத்த மாநில மாநாடு கூடி அறிவிக்க வேண்டும். அறிவித்ததும் அந்தச் சட்டம் அந்த மாநிலத்தில் நின்றுவிடும். மத்திய அரசுக்கு அது வேண்டுமென்றால் நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலோடு அரசியலமைப்பைத் திருத்தி அந்த அதிகாரத்தைப் பெறட்டும். எளிதாகச் சொன்னால், நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்தால் எந்த மத்திய சட்டத்தையும் நிரந்தரமாகப் படுக்கவைக்கலாம்.

1832 நவம்பர் 24-இல் மாநாடு ஆணையை நிறைவேற்றியது: 1833 பிப்ரவரி 1-க்குப் பிறகு இரண்டு வரிகளும் செல்லாது. இதன் நுட்பம் அமலாக்கப் பகுதியில் இருக்கிறது. அக்காலத்தில் வணிகர்கள் வரியை உடனே ரொக்கமாகக் கட்டுவதில்லை. பின்னால் கட்டுவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சரக்கை எடுத்துப் போவார்கள். கெடு முடிந்ததும் பணம் கட்ட மறுத்தால் மத்திய அரசு வழக்குப் போட வேண்டும். மாநில நீதிமன்றத்தில் விஷயம் வந்தால் ஜூரியில் உட்காருபவர் நல்லிஃபிகேஷன் ஆணையைக் காப்பதாகச் சத்தியம் செய்திருக்க வேண்டும், அதிகாரிகளும் அப்படியே. ஆணையின் செல்லுந்தன்மை பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது. வழக்கு ஆவணத்தின் நகல்கூடத் தரக் கூடாது. மேல்முறையீட்டுக்கு முயல்பவர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை பாயும். சுங்க அதிகாரி சரக்கைப் பிடித்துவைத்தால், வணிகர் மாநில நீதிமன்றம் மூலம் அதை மீட்கவும் தனிச் சட்டம் வந்தது. ஆக ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல், வரி வசூல் உள்ளூர் நீதிமன்றத்திலேயே மூச்சுமுட்டிச் சாக வேண்டும் என்பது திட்டம்.

அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் டிசம்பர் 10-இல் அறிக்கை விட்டார்: ஒரு மாநிலம் மத்திய சட்டத்தை ரத்து செய்யலாம் என்பது ஒன்றியம் இருப்பதற்கே முரணானது. அறிக்கையைவிட முக்கியம் அவர் கேட்டு வாங்கிய படைச் சட்டம். படையை ஏவும் அதிகாரத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையான அடி அதன் சுங்கப் பிரிவுகளில் விழுந்தது. தடை வந்தால் சுங்க அலுவலகத்தைத் துறைமுகத்தில் உள்ள கோட்டைக்கோ கப்பலுக்கோ மாற்றலாம். பத்திரம் கிடையாது, ரொக்கம் கட்டும் வரை கப்பலை நிறுத்திவைக்கலாம். சுங்க அதிகாரிகள் மீதான வழக்குகளை மாநில நீதிமன்றத்திலிருந்து மத்திய நீதிமன்றத்துக்கு மாற்றலாம். பத்திரமும் மாநில ஜூரியும் இல்லையென்றால் தென் கரோலினாவின் இயந்திரத்துக்குப் பிடிக்க எதுவுமே இல்லை.

அதோடு சமரசமும் வந்தது. செனட்டர் ஹென்றி கிளே கொண்டுவந்த வரிச் சட்டப்படி, 20 சதவீதத்துக்கு மேற்பட்ட வரிகள் படிப்படியாகக் குறைந்து 1842-இல் 20 சதவீதத்துக்கு வரும். 1833 மார்ச் 2-இல் ஜாக்சன் இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்திட்டார். தென் கரோலினா தன் ஆணையைத் திரும்பப் பெற்றது. மானத்தைக் காக்க, தேவையற்றுப் போன படைச் சட்டத்தை ‘செல்லாது’ என்று அறிவித்துக் கலைந்தது. வேறெந்தத் தென் மாநிலமும் அதன் பின்னால் நிற்கவில்லை. வரி குறைந்ததால் நல்லிஃபிகேஷன் வேலை செய்தது என்று சிலர் எழுதுகிறார்கள். வரியைக் குறைத்தது காங்கிரஸின் வாக்கெடுப்பு. மிரட்டல் பேரத்துக்கு உதவியது, கோட்பாட்டை ஒருவரும் ஏற்கவில்லை. மாடிசனும் தன் கடைசி ஆண்டுகளில், வர்ஜீனியா தீர்மானத்துக்கு இப்படி ஒரு பொருள் இல்லவே இல்லை என்று விரிவாக எழுதி மறுத்தார்.

நீதிமன்றங்கள் அதற்கு முன்பே முடிவு சொல்லியிருந்தன. 1809-இல் பென்சில்வேனியா ஒரு மத்திய நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற வந்த அதிகாரியைத் தடுக்க மாநிலப் படையையே நிறுத்தியது. மத்திய நீதிமன்றத் தீர்ப்புகளை மாநிலச் சட்டமன்றங்கள் ரத்து செய்யலாம் என்றால் அரசியலமைப்பே கேலிக்கூத்தாகிவிடும் என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். ஆளுநர் அதிபரிடம் முறையிட்டார். அதிபர் யார்? அதே மாடிசன். தீர்ப்பை நிறைவேற்றுவதே தன் கடமை என்று பதில் வந்தது.

அடுத்த பெரிய வழக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, அடிமைமுறையை எதிர்த்தவர்களிடமிருந்து எழுந்தது. இந்தக் கோட்பாடு எந்தக் கட்சிக்கும் கொள்கைக்கும் சொந்தமல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உரிமையாளரிடம் திருப்பித் தரச் சொன்ன 1850-இன் மத்திய சட்டப்படி பிடிபட்ட ஒரு கறுப்பின மனிதரை 1854-இல் மில்வாக்கியில் மக்கள் சிறையை உடைத்து விடுவித்தார்கள். அதற்காகக் கைதான பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத்தை விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அந்த மத்திய சட்டமே செல்லாது என்றது. மேல்முறையீட்டுக்கு ஆவணம் அனுப்ப வேண்டாம் என்று தன் எழுத்தருக்கும் உத்தரவிட்டது. தென் கரோலினா எழுதிவைத்த அதே உத்தி! 1859-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விஸ்கான்சினைத் தள்ளியது. அறத்தின் பக்கம் நின்றவர்கள் விஸ்கான்சின்காரர்கள், சட்டத்தில் தோற்றார்கள். அடுத்த ஆண்டு ஒன்றியத்திலிருந்து விலகிய தென் கரோலினா, வெளியிட்ட காரண அறிக்கையில் வைத்த முக்கியப் புகார், வட மாநிலங்கள் காங்கிரஸின் அடிமைச் சட்டத்தை நல்லிஃபை செய்கின்றன என்பதுதான்.

நூறாண்டு கழித்து மறுபடி. கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் வைக்கக் கூடாது என்ற 1954 தீர்ப்பை எதிர்த்துத் தென் மாநிலங்கள் வரிசையாகத் தீர்மானம் போட்டன. அலபாமா ‘செல்லாது’ என்றே எழுதியது. ஆர்கன்சாஸின் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விட 1957-இல் அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. 1958-இல் கூப்பர் எதிர் ஆரன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே கையெழுத்திட்டுத் தீர்ப்பளித்தார்கள்: ஆளுநரோ சட்டமன்றமோ அந்த 1954 தீர்ப்பை நேரடியாகவும் செல்லாததாக்க முடியாது, சுற்றுவழியிலும் முடியாது. அதோடு முதல் வகைக்குச் சட்டத்தில் கதவு அடைபட்டுவிட்டது.

இனி இரண்டாம் வகை. இன்றைய செய்திகளில் நல்லிஃபிகேஷன் என்று வருவதில் பெரும்பகுதி இதுதான். அந்தப் பெயர் இதற்குப் பொருந்தாது. மத்திய அரசிடம் சட்டம் இருக்கிறது, ஆட்கள் குறைவு. தெருவில் நிற்கும் போலீஸ், மாவட்டச் சிறை, உரிமம் வழங்கும் அலுவலகம் எல்லாம் மாநிலத்தின் கையிலும் ஊராட்சி, நகராட்சிகளின் கையிலும் இருக்கின்றன. அவற்றை மத்திய அரசு வேலை வாங்க முடியுமா? 1842-இல் பிரிக் வழக்கிலேயே, அன்றிருந்த தப்பியோடிய அடிமைச் சட்டத்தை நிறைவேற்ற மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த இயலாது என்ற கருத்து வந்துவிட்டது. 1997-இல் பிரின்ட்ஸ் வழக்கில் அது உறுதியான விதியானது: துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையை மத்திய சட்டம் உள்ளூர் ஷெரிஃப்கள் தலையில் கட்டியிருந்தது, 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. 2018-இல் மர்ஃபி வழக்கில் இன்னும் ஒரு படி: விளையாட்டுப் பந்தயச் சூதை அனுமதிக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமன்றத்துக்குக் கட்டளையிடவும் காங்கிரஸால் முடியாது. தானே நேரடியாகத் தடை செய்துகொள்ளலாம். மாநிலத்தை ஏவ முடியாது.

எல்லை எங்கே விழுகிறது? மாநிலம் தன் கையை மடக்கிக்கொள்ளலாம். மத்திய அதிகாரியின் கையைப் பிடிக்கக் கூடாது. குடியேற்றத் துறை ஒரு கைதியை விடுதலை நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை வைத்திருக்கச் சொல்லிக் கேட்டால் மாவட்டச் சிறை மறுக்கலாம். அது வேண்டுகோள்தான் என்று 2014-இல் மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த நிலையில் உள்ள மத்திய நீதிமன்றங்களில் ஒன்று) சொல்லியிருக்கிறது. வாரண்டோடு வந்த மத்திய அதிகாரியைத் தடுத்தாலோ, ஆளை ஒளித்துவைத்தாலோ அது குற்றம். மாநில நீதிமன்றங்கள் மட்டும் இந்த விதிக்கு விலக்கு: தங்கள் முன் முறையாக வரும் மத்திய சட்ட வழக்கை விசாரிக்க மாட்டோம் என்று அவை சொல்ல முடியாது (1947, டெஸ்டா வழக்கு).

பணம் இன்னொரு கயிறு. கட்டளையிட முடியாததை நிதியோடு நிபந்தனையாகக் கட்டிக் கேட்கலாம். குடிவயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தைப் பிடித்தது செல்லும் என்றது 1987 தீர்ப்பு. ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவத் திட்டத்தை விரிவாக்காவிட்டால் ஏற்கெனவே வரும் மெடிகெய்ட் நிதி முழுவதையும் நிறுத்துவேன் என்றது 2012-இல் செல்லவில்லை. அது தலையில் துப்பாக்கி வைத்துக் கேட்பது என்றது நீதிமன்றம்.

மிசூரி மாநிலம் செய்த பிழை இந்த இரு வகைகளின் வேறுபாட்டை அப்படியே காட்டுகிறது. 2021-இல் அது இயற்றிய சட்டம், சில மத்திய துப்பாக்கிக் கட்டுப்பாடுகள் இந்த மாநிலத்தில் செல்லாதவை என்று அறிவித்தது. அவற்றை அமல்படுத்தும் உள்ளூர்க் காவல் அமைப்புக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலர் அபராதம் என்றது. வெறுமனே ‘எங்கள் போலீஸ் உதவாது’ என்று எழுதியிருந்தால் தப்பியிருக்கும். உதவியை மறுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு, மத்திய சட்டத்தைச் செல்லாததாக்கி அதன் வழியாக மறுக்க உரிமை இல்லை என்று கூறி 2024-இல் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தை முழுவதுமாகத் தள்ளியது. ஒரே விளைவு, ஒரே நோக்கம். முகப்பில் போட்ட அறிவிப்பு வழக்கைக் கெடுத்தது.

கஞ்சா விஷயத்தில் மாநிலங்கள் சரியாக எழுதின. கலிஃபோர்னியா 1996-இல் மருத்துவப் பயன்பாட்டுக்குத் தன் தண்டனையை நீக்கியது. கொலராடோவும் வாஷிங்டனும் 2012-இல் பொதுப் பயன்பாட்டுக்கே நீக்கின. மத்திய சட்டம் செல்லாது என்று அவை சொல்லவில்லை. அதனால் வழக்கில் விழவில்லை. ஆனால் தனி மனிதருக்கு இது பாதுகாப்பு என்று எண்ணுவதுதான் பலர் செய்யும் தவறு. வீட்டில் சொந்த மருத்துவத்துக்கு வளர்த்த 6 செடிகளை மத்திய அதிகாரிகள் அழித்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று மத்திய அரசின் பக்கம் நின்றது. மாநில உரிமம் பெற்ற கடைகள் பல ஆண்டுகளாக வங்கிக் கணக்குக்கு அலைந்தன. வருமானவரிச் சட்டத்தின் ஒரு பிரிவால் வாடகை, சம்பளம் போன்ற செலவுகளைக் கழிக்க முடியாமல் திணறின. குடியுரிமை இல்லாதவர் மாநிலச் சட்டப்படி நடந்துகொண்டும் விசாவை இழக்கலாம். மத்திய சட்டம் தூங்கும், செத்துப்போவதில்லை.

ஜூரி விஷயத்துக்கு வருவோம். 1670-இல் லண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரும் தெருவில் மதப் பிரசங்கம் செய்ததற்காக வழக்கு. நீதிபதிகள் கேட்ட தீர்ப்பை ஜூரி தரவில்லை. இரண்டு இரவுகள் சோறு, தண்ணீர், கணப்பு எதுவும் இல்லாமல் பூட்டிவைத்தார்கள். அப்போதும் அசையவில்லை, ஆளுக்கு 40 மார்க் (பழைய ஆங்கிலப் பண அளவு) அபராதம். அந்த ஜூரியில் ஒருவரான எட்வர்ட் புஷல் கட்ட மறுத்துச் சிறையிலிருந்தே வழக்காடினார். தீர்ப்புக்காக ஜூரரை (ஜூரி உறுப்பினரை) தண்டிக்க முடியாது என்று நீதிபதி வாகன் முடிவு சொன்னார். அந்த விதி இன்றுவரை நிற்கிறது. அமெரிக்காவில் அதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன: ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை, விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய முடியாது, ஒருவரை ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக் கூடாது என்பதால். மூன்றும் சேர்ந்த இடத்தில் உருவாகும் இடைவெளிதான் ஜூரி நல்லிஃபிகேஷன். இதில் சட்டம் செத்துப்போவதில்லை. அந்த ஒரு வழக்கில், அந்த ஒருவருக்கு மட்டும் பொருந்தாமல் போகிறது.

தப்பியோடிய அடிமைகளுக்கு உதவியவர்களை ஜூரிகள் விடுவித்திருக்கின்றன. 1955-இல் மிசிசிப்பியில் 14 வயது எமெட் டில்லைக் கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விடுவித்ததும் இதே இடைவெளி வழியாகத்தான். முதலாவதை மட்டும் சொல்லி இதைப் புகழ்பவர்களிடம் இரண்டாவதையும் கேட்க வேண்டும்.

நடைமுறையில் இது எளிதல்ல. இப்படி ஓர் அதிகாரம் இருப்பதை ஜூரியிடம் நீதிபதி சொல்ல வேண்டியதில்லை என்று 1895-இல் ஸ்பார்ஃப் வழக்கிலேயே முடிவாகிவிட்டது; பெரும்பாலான நீதிமன்றங்களில் வழக்கறிஞரும் வெளிப்படையாக வாதிட முடியாது. ஜூரரைத் தேர்வு செய்யும்போதே ‘சட்டம் பிடிக்காவிட்டாலும் பின்பற்றுவீர்களா’ என்று கேட்பார்கள். பொய் சொல்லி உள்ளே போனால் அது தனிக் குற்றம். சட்டத்தைப் பின்பற்ற மாட்டேன் என்று விவாத அறையில் அறிவித்துவிட்டால், அது தெளிவாக நிரூபணமாகும் பட்சத்தில் அந்த ஜூரரை நீக்கலாம் (1997, இரண்டாவது வட்டம்). எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் தனியாக நின்றால் விடுதலை கிடைக்காது. தீர்ப்பு ஒருமனதாக வேண்டும். 11-க்கு 1 என்றால் ஜூரி முடிவெடுக்காமல் கலையும், அரசு மறுபடி முதலிலிருந்து விசாரிக்கலாம். நீதிமன்ற வாசலில் நின்று இந்த அதிகாரத்தைப் பற்றிப் பொதுவாகத் துண்டுப்பிரசுரம் கொடுப்பதை 2012-இல் மன்ஹாட்டன் மத்திய நீதிமன்றம் குற்றமில்லை என்றது. குறிப்பிட்ட வழக்கின் ஜூரரைக் குறிவைத்துக் கொடுத்தால் ஜூரியைத் தன் பக்கம் சாய்க்க முயன்ற குற்றமாகும்.

நியூ ஹாம்ப்ஷர் மட்டும் 2012-இல் ஒரு சட்டம் போட்டு, வழக்கின் உண்மைகளுக்குச் சட்டம் பொருந்தும் விதத்தையும் எடைபோடலாம் என்று ஜூரியிடம் சொல்ல குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கு அனுமதி தந்தது. இரண்டே ஆண்டில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், இது ஜூரி நல்லிஃபிகேஷனுக்கு வழிவிடும் சட்டம் அல்ல என்று பொருள் கூறி அதைச் சுருக்கிவிட்டது.